எஃப்/8-க்கு அப்பால் ஆட்டோஃபோகஸ்: நீண்ட லென்ஸும் சிறிய அப்பர்ச்சரும்

100–400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. பறவை தூரத்தில் இருக்கிறதே என்று, லென்ஸின் குவியத் தூரத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டுகிறீர்கள். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் அசையவே இல்லை. அல்லது முன்னும் பின்னும் ஓடிவிட்டு எங்கோ மங்கலாக நின்றுவிடுகிறது. கடைக்காரர் லென்ஸைக் குறை சொல்வார், நண்பர் பாடியை, அதாவது கேமராவை, குறை சொல்வார். பெரும்பாலும் இரண்டிலும் பழுது இருக்காது. அந்த பாடியின் ஆட்டோஃபோகஸ் எந்த அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித் திறப்பு; எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும்) வரை வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டதோ, அந்த எல்லையை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது, அதற்குள்ளும் அதன் விளிம்பிலும் எப்படி வேலை செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா), மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாதது) இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கி பறவைப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் இன்றும் ஏராளம். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

முதலில் காரணம்: வெளிச்சம் மட்டும் அல்ல

"எஃப்/8 என்றால் வெளிச்சம் குறைவு, அதனால் ஃபோகஸ் ஆகவில்லை" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. கொளுத்தும் மதிய வெயிலிலும் அந்த லென்ஸ் அசையாது. அப்போது வெளிச்சத்துக்கு என்ன குறை?

டிஎஸ்எல்ஆரில் முன் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் கொஞ்சத்தைப் பின்னால் விடுகிறது. அங்கிருக்கும் சின்னக் கண்ணாடி அதைக் கீழே, கேமராவின் அடியில் உள்ள ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்புகிறது. அந்த சென்சார் லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் ஒளியை மட்டும் தனித்தனியாகப் பிரித்து இரண்டு பிம்பங்களாக வைத்துக்கொள்கிறது. இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை வைத்து, ஃபோகஸ் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ள வேண்டும் என்று கணக்கிடுகிறது. நம் இரண்டு கண்களும் தள்ளித்தள்ளி இருப்பதால் தூரம் தெரிகிறதே, அதே கணக்குதான். இரண்டு பார்வைக்கும் இடையில் இடைவெளி அதிகமானால் கணிப்பு துல்லியமாகும்.

எனவே வடிவமைப்பாளர்கள் அந்த இரண்டு 'ஜன்னல்களை' முடிந்தவரை விலக்கி வைக்கிறார்கள். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் அவை எஃப்/5.6 அகலத்துக்குள் அடங்கும்படி இருக்கும். நல்ல பாடிகளில் சில பாயின்ட்டுகளுக்கு (சட்டகத்தில் கேமரா ஃபோகஸ் பார்க்கும் இடங்கள்) கூடுதலாக எஃப்/2.8 அகலத்தில் இன்னொரு ஜோடியும் உண்டு. எஃப்/8 லென்ஸை மாட்டினால் லென்ஸின் ஒளிவட்டம் சிறுத்து, எஃப்/5.6-க்கு வைத்த ஜன்னல்கள் வட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. சென்சாருக்குத் தெரிவது இருட்டு. வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்த ஜன்னலில் ஒளி விழாது. கேமராவும் லென்ஸ் சொல்லும் அப்பர்ச்சர் எண்ணைப் பார்த்துவிட்டு, தவறாக ஃபோகஸ் செய்வதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று ஆட்டோஃபோகஸை நிறுத்திவிடுகிறது.

எஃப்/6.3 லென்ஸ்கள் மட்டும் எப்படி ஓடுகின்றன என்று கேட்கலாம். டாம்ரான், சிக்மா இரண்டின் 150–600 மி.மீ. எஃப்/5–6.3 லென்ஸ்களும் எஃப்/5.6 எல்லை கொண்ட பாடிகளில் ஃபோகஸ் ஆகின்றன. 5.6-க்கும் 6.3-க்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). ஜன்னலின் ஓரம் கொஞ்சம் மறைகிறது, முழுதும் அல்ல. ஆனாலும் மங்கிய வெளிச்சத்தில் 600-இல் அவை தடுமாறுவதைப் பயன்படுத்தியவர்கள் அறிவார்கள்.

படி 1: உங்கள் கூட்டணியின் உண்மையான எண்ணைக் கணக்கிடுங்கள்

இங்கே முக்கியமானது லென்ஸின் அதிகபட்ச அப்பர்ச்சர், அதாவது அது முழுதும் திறந்திருக்கும்போது உள்ள எண். நீங்கள் மெனுவில் வைத்த எண் அல்ல. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் எப்போதும் முழுதும் திறந்தபடிதான் ஃபோகஸ் செய்கிறது, படம் எடுக்கும் நொடியில்தான் அப்பர்ச்சர் சுருங்குகிறது. 300 மி.மீ. எஃப்/4 லென்ஸில் எஃப்/11 வைத்து எடுத்தாலும் ஃபோகஸ் சென்சார் பார்ப்பது எஃப்/4-ஐத்தான்.

டெலிகன்வெர்ட்டர் கணக்கு எளிது: 1.4 மடங்கு ஒரு ஸ்டாப் தின்னும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப் தின்னும்.

- 70–200 எஃப்/2.8 + 2 மடங்கு = 140–400 எஃப்/5.6
- 300 எஃப்/4 + 1.4 மடங்கு = 420 எஃப்/5.6
- 300 எஃப்/4 + 2 மடங்கு = 600 எஃப்/8
- 400 எஃப்/5.6 + 1.4 மடங்கு = 560 எஃப்/8
- 150–600 எஃப்/5–6.3 + 1.4 மடங்கு = நீள முனையில் 840 எஃப்/9

ஜூம் லென்ஸில் நீள முனையின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு அங்கேதான் நிற்கப்போகிறீர்கள்.

படி 2: உங்கள் பாடியின் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரே நம்பகமான இடம் கேமராவுடன் வந்த கையேடு. கேனான் டிஎஸ்எல்ஆர்களில் ஓரளவு உயர்ந்த பாடிகளின் கையேட்டில் லென்ஸ்களைக் குழு குழுவாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எத்தனை பாயின்ட் வேலை செய்யும் என்று படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நிக்கான் கையேட்டில் டெலிகன்வெர்ட்டர் பகுதியைப் பாருங்கள். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

பொதுவான நிலவரம் இது. ஃபிலிம் காலத்தின் பிற்பகுதியிலிருந்தே கேனானின் உச்ச வரிசையான இஓஎஸ்-1-இல் நடுப்பாயின்ட் எஃப்/8 வரை வேலை செய்தது. மற்ற பாடிகள் பெரும்பாலும் எஃப்/5.6-உடன் நின்றன. பிறகு வந்த 1டி எக்ஸ், உச்ச பாடியாக இருந்தும் எஃப்/8 இல்லாமல் வெளிவந்தது. பறவைப் படக்காரர்கள் கடுமையாக ஏமாந்தார்கள். 2012 அக்டோபரில் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) மூலம் நடுப்பாயின்ட்டுக்கு எஃப்/8 திரும்பி வந்தது. 2013 ஏப்ரலில் 5டி மார்க் 3-க்கும் அதேபோல் கிடைத்தது. 2014-இன் 7டி மார்க் 2-இல் நடுப்பாயின்ட் மட்டும். 2016-இல் நிலைமை வெகுவாக மாறியது: 80டி-இல் குறிப்பிட்ட சில லென்ஸ்–எக்ஸ்டென்டர் (டெலிகன்வெர்ட்டருக்குக் கேனான் வைத்த பெயர்) ஜோடிகளுக்கு 45 பாயின்ட்டில் 27 வேலை செய்தன, 1டி எக்ஸ் மார்க் 2, 5டி மார்க் 4 இரண்டிலும் 61 பாயின்ட்டும் எஃப்/8 வரை தொடர்ந்தன.

நிக்கானில் 2012-இன் டி4, டி800 இரண்டிலும் 51 பாயின்ட்டில் 11 எஃப்/8-இல் வேலை செய்யும். டி600-இல் 7, டி7100-இல் ஒன்றே ஒன்று. 2016-இன் டி5, டி500 இரண்டிலும் 153-இல் 15, அவற்றிலும் நாமே தேர்ந்தெடுக்க முடிவது 9.

இதில் ஒன்றைக் கவனியுங்கள்: மொத்தப் பாயின்ட் எண்ணிக்கை உங்களுக்கு எதையும் சொல்லாது. 153 பாயின்ட் என்று பெட்டியில் இருந்தாலும் எஃப்/8 லென்ஸுக்கு அது 9 பாயின்ட் கேமராதான்.

படி 3: வெளியே போகும் முன் ஒரு சோதனை

பகல் வெளிச்சத்தில், ட்ரைபாடில் கேமராவை வைத்து, லென்ஸின் குறைந்தபட்ச தூரத்துக்கு நன்றாக அப்பால் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டுங்கள். நடுப்பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஒற்றை ஃபோகஸ் முறையில் வையுங்கள். லென்ஸை ஒருமுறை மிக அருகிலும், ஒருமுறை முடிவிலியிலும் கையால் திருப்பி வைத்துவிட்டு ஃபோகஸ் செய்து பாருங்கள். இரண்டு திசையிலிருந்தும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறதா? நின்றால் நல்லது. பிறகு ஒவ்வொரு பாயின்ட்டாக ஓரம் நோக்கி நகருங்கள். எங்கே தடுமாறத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் நடைமுறை எல்லை.

அடுத்து, செய்தித்தாளுக்குப் பதிலாகக் கதவு விளிம்பு போன்ற ஒரு செங்குத்துக் கோடு, பிறகு ஜன்னல் சட்டத்தின் கீழ்ப்பகுதி போன்ற ஒரு படுக்கைக் கோடு. ஒன்றில் பிடித்து மற்றொன்றில் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாயின்ட் ஒரு திசை வரிகளை மட்டுமே பார்க்கிறது. இது தெரிந்தால் களத்தில் பெரிய உதவி. செங்குத்து வரிகளை மட்டும் பார்க்கும் பாயின்ட், நீர்ப்பரப்பில் நிற்கும் கொக்கின் காலில் பிடிக்கும், அலைக்கோட்டில் பிடிக்காது.

கடைசியாக இதையே சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் செய்யுங்கள். பகலில் வேலை செய்த பாயின்ட்டுகளில் சில காணாமல் போகும்.

டிஎஸ்எல்ஆரில் டெலிகன்வெர்ட்டருடன் ஃபோகஸ் சற்று முன்னோ பின்னோ விழுவதும் உண்டு. நுண்திருத்த வசதி இருந்தால் லென்ஸுக்குத் தனியாகவும், கன்வெர்ட்டருடன் சேர்த்துத் தனியாகவும் திருத்துங்கள்.

படி 4: களத்தில் டிஎஸ்எல்ஆரை எப்படி வைப்பது

நடுப்பாயின்ட், அதைச் சுற்றிய சிறு விரிவாக்கம். அவ்வளவுதான். தானாகத் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று: லென்ஸ் ஓட வேண்டிய தூரத்தைக் குறையுங்கள். எஃப்/8-இல் சென்சாருக்கு எட்டும் தகவல் குறைவு. பறவை முழுக்க மங்கலாகத் தெரியும் நிலையிலிருந்து அதால் கண்டுபிடிக்க முடியாது. ஓரளவு கூர்மையாக இருந்தால் பிடித்துக்கொள்ளும். ஆகவே பறவை வரப்போகும் கிளையின் தூரத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். லென்ஸில் தூரத் தடுப்பு சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். கேனானின் இரண்டாம் தலைமுறை 100–400-இல் அது 3 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கட்டுப்படுத்தும். முழு வீச்சும் ஓடி வருவதற்குள் பறவை போய்விடும்.

எக்ஸ்டென்டர் மாட்டினால் வேகமும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். கேனான் இஎஃப் எக்ஸ்டென்டர்களில் 1.4 மடங்குக்கு ஃபோகஸ் ஓட்டத்தின் வேகம் பாதியாகவும், 2 மடங்குக்கு கால்வாசியாகவும் வேண்டுமென்றே குறைக்கப்படுகிறது. துல்லியத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஆட்டோஃபோகஸ் முடியாதபோது லென்ஸ் தேடிக்கொண்டே இருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று கேட்கும் ஓர் அமைப்பு பல கேனான் பாடிகளில் உண்டு. நீண்ட லென்ஸுக்கு "நிற்கட்டும்" என்று வையுங்கள். ஒருமுறை தவறவிட்டால் லென்ஸ் மறுமுனை வரை ஓடித் திரும்புவதற்குப் பதில், கையால் லேசாகத் திருப்பி அருகில் கொண்டுவந்து மறுபடி அழுத்தலாம்.

பறக்கும் பறவைக்கு? எஃப்/8 நடுப்பாயின்ட் மட்டும் உள்ள டிஎஸ்எல்ஆரில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடுங்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பெரிய பறவை, உதாரணமாகக் கூழைக்கடா, கொஞ்சம் சாத்தியம். உழவாரனைத் துரத்துவதில் பயன் இல்லை.

படி 5: ட்ரைபாடில் இருந்தால் லைவ் வியூ

அமர்ந்திருக்கும் ஆந்தை, கூட்டில் உள்ள நாரை, நிலா. இவற்றுக்கு லைவ் வியூவுக்கு (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) போய்விடுங்கள். அங்கே ஃபோகஸ் முக்கிய சென்சாரிலேயே நடக்கிறது, கீழே உள்ள ஜன்னல் பிரச்சினை கிடையாது. காண்ட்ராஸ்டை வைத்துத் தேடும் முறை மெதுவானது, ஆனால் எஃப்/8 அதற்குத் தடை அல்ல. 2013-இல் 70டி-இல் கேனான் கொண்டுவந்த டூயல் பிக்சல் முறை உள்ள பாடிகளில் வேகமும் நன்றாக இருக்கும். திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்வதும் அசையாத பொருளுக்கு மிகத் துல்லியமான வழி.

படி 6: மிரர்லெஸ் என்றால் எல்லை வேறு மாதிரி

மிரர்லெஸ் பாடியில் படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் லென்ஸின் இடப்பாதி, வலப்பாதி ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. அப்பர்ச்சர் சிறுத்தால் இடைவெளி குறையும், ஆனால் சட்டென்று பூஜ்யம் ஆகாது. அதனால்தான் 2020-இல் கேனானால் 600 மி.மீ. எஃப்/11, 800 மி.மீ. எஃப்/11 என்று இரண்டு லென்ஸ்களை வெளியிட முடிந்தது. டிஎஸ்எல்ஆர் காலத்தில் இவற்றை ஆட்டோஃபோகஸ் லென்ஸாக விற்றிருக்கவே முடியாது. 800 எஃப்/11-இன் எடை 1,260 கிராம்தான், தோளில் மாட்டி நாள் முழுக்க நடக்கலாம். எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது. பல லட்சம் கொடுக்க முடியாதவர்களுக்கும் 800 மி.மீ. கைக்கு எட்டியது.

ஆனால் விலை இருக்கிறது. கேனானின் மிரர்லெஸ் பாடிகளான ஆர்5, ஆர்6 இரண்டிலும் இந்த எஃப்/11 லென்ஸ்களுக்கு ஃபோகஸ் பரப்பு படத்தின் நடுவில் அகலத்தில் சுமார் 40 சதவீதம், உயரத்தில் சுமார் 60 சதவீதம் என்று சுருங்கிவிடும். பறவையின் கண்ணைக் கேமரா தானாகப் பிடிக்கும், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வரை. பறவையை நடுவில் வைத்து எடுத்து, பிறகு வெட்டிச் சட்டகம் அமைக்கப் பழகுங்கள். இதே பாடிகள் எக்ஸ்டென்டருடன் எஃப்/22 வரையிலும் ஃபோகஸ் முயற்சி செய்யும். எஃப்/22 நல்ல வெயிலுக்கும் அசையாத பறவைக்கும் மட்டுமே.

நீங்கள் மெனுவில் வைக்கும் அப்பர்ச்சரும் சில மிரர்லெஸ் பாடிகளில் கணக்கில் வரும். சோனி பாடிகள் தொடர் ஃபோகஸில் அப்பர்ச்சரைச் சுருக்கியபடியே வேலை செய்யும் சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது எஃப்/5.6 லென்ஸில் எஃப்/16 வைத்தால் ஃபோகஸுக்கும் எஃப்/16-தான். முழுத் திறப்பிலேயே எடுப்பது பாதுகாப்பு.

ஃபோகஸ் பிக்சல்கள் இட–வலமாகப் பிரிப்பதால் பெரும்பாலான மிரர்லெஸ் பாடிகள் செங்குத்து விவரங்களையே நன்றாகப் பார்க்கின்றன. படுக்கைக் கோடுகள் மட்டும் உள்ள பொருளில் தடுமாறினால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்த்துங்கள். சிறிய அப்பர்ச்சரில் இது பலமுறை கைகொடுக்கும்.

குறைந்த வெளிச்ச எண்ணையும் சரியாகப் படியுங்கள். ஆர்6 மைனஸ் 6.5 ஈவி (வெளிச்ச அளவு; எண் குறையக் குறைய இருட்டு) வரை ஃபோகஸ் செய்யும் என்று விளம்பரம். அது எஃப்/1.2 லென்ஸை வைத்து அளந்தது. எஃப்/1.2-க்கும் எஃப்/11-க்கும் இடையே சுமார் 6.4 ஸ்டாப். வெறும் கணக்கில் பார்த்தால் உங்கள் 800 எஃப்/11-க்கு அந்த எண் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடுகிறது. அசையும் பறவைக்கு அதைவிட நிறையவே வெளிச்சம் வேண்டும்.

படி 7: வெளிச்சமும் காற்றும்

எஃப்/5.6-இல் ஐஎஸ்ஓ 800, நொடியில் 1/1000 என்று எடுத்துக்கொண்டிருந்தவர் எஃப்/11-க்குப் போனால் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 3200 வேண்டும். காலை ஆறரை மணி வெளிச்சத்தில் இது இன்னும் ஏறும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். பறவையின் மேல் நேராக விழும் ஒளி இறகின் விவரத்தைத் தெளிவாக்கும், ஃபோகஸுக்கு அதுதான் தீனி. வெளிறிய வானத்தின் முன் எதிரொளியில் நிற்கும் பறவை சிறிய அப்பர்ச்சர் லென்ஸுக்கு மிகக் கடினமான வேலை.

பத்து மணிக்கு மேல் சதுப்பு நிலத்திலும் உப்பளத்திலும் தரை சூடாகிக் காற்று அலைபாயும். 600 மி.மீ.க்கு மேல் அது திரையிலேயே தெரியும். அப்போது எந்த கேமராவாலும் கூர்மையாக எடுக்க முடியாது. ஃபோகஸைக் குறை சொல்லாமல் அருகில் உள்ள பறவையைத் தேடுங்கள்.

டேப் ஒட்டும் தந்திரம்

டெலிகன்வெர்ட்டரின் மின்தொடர்புப் புள்ளிகள் சிலவற்றின் மேல் டேப் ஒட்டினால், கன்வெர்ட்டர் இருப்பது பாடிக்குத் தெரியாது. எஃப்/5.6 லென்ஸ் என்று நம்பி ஃபோகஸ் செய்ய முயலும். தன் இருப்பையே சொல்லாத பழைய கன்வெர்ட்டர்களும் இப்படித்தான். இது பூட்டைத் திறக்கிறது, ஜன்னலை நகர்த்தவில்லை. நல்ல வெயிலில், காண்ட்ராஸ்ட் அதிகமான, அசையாத பொருளில் சில நேரம் பிடிக்கும். மற்ற நேரம் தேடும், அல்லது பிடித்ததாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கும். படத்தின் தகவலில் குவியத் தூரமும் அப்பர்ச்சரும் தவறாகப் பதியும், நுண்திருத்தமும் குழம்பும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 8: வாங்கும் முன்

எஃப்/5.6 எல்லை உள்ள பாடியும் எஃப்/5.6 லென்ஸும் வைத்திருந்தால் டெலிகன்வெர்ட்டர் வாங்க வேண்டாம். வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்குக்குச் சமமாக வெட்டினால் சுமார் 12 மெகாபிக்சல் மிஞ்சும். அதாவது கிட்டத்தட்ட 4,290 × 2,860 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டாலும் ஏ4 தாளுக்கு மேல் வரும். பறவையிலிருந்து சென்சாருக்கு வந்து சேரும் மொத்த ஒளியும் ஏறக்குறைய அதே அளவுதான். ஃபோகஸ் தவறிய 560 மி.மீ. படத்தைவிட, ஃபோகஸ் பிடித்த 400 மி.மீ. படத்தை வெட்டியது எப்போதும் மேலாக இருக்கும்.

எஃப்/4 லென்ஸ் இருப்பவர்களுக்கு 1.4 மடங்கு நல்ல முதலீடு. எஃப்/2.8 இருந்தால் 2 மடங்கும் சரி. மிரர்லெஸில் கேனானின் 100–500 எஃப்/4.5–7.1 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அதில் எக்ஸ்டென்டர் 300 மி.மீ.க்கு மேல் மட்டுமே பொருந்தும். 1.4 மடங்குடன் அது 420–700, நீள முனையில் எஃப்/10. ஜூமைச் சுருக்கிப் பைக்குள் வைக்க எக்ஸ்டென்டரைக் கழற்றியாக வேண்டும்.

பழைய பாடி வாங்குகிறீர்கள் என்றால் 1டி எக்ஸ், 5டி மார்க் 3 இரண்டிலும் மெனுவில் ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். 5டி மார்க் 3-க்கு 1.2.1 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெமரி கார்டில் இறக்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம், செலவில்லை. உங்கள் லென்ஸையும் கன்வெர்ட்டரையும் கையோடு எடுத்துப் போய், கடை வாசலில் எதிர்ச் சாரி பெயர்ப்பலகையின் மேல் நடுப்பாயின்ட்டை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.